நீர்கொழும்பில் மீனும் தேத்தண்ணியும்: அம்மாவோடு ஒரு பகல்

தம்பி கட்டாருக்குப் போன அன்றுதான் நாங்கள் இரண்டு பேரும் அந்த ஹோட்டலில் சாப்பிட்டோம். 2025 பெப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை. விமானம் காலை பத்தேகாலுக்கு. ஏழு மணிக்கெல்லாம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். அம்மா அந்தக் கதவைப் பார்த்தபடியே அரை மணி நேரம் நின்றார். நேரே வீட்டுக்குக் கூட்டிப்போனால் பகல் முழுக்க அழுதுகொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அங்கிருந்து நீர்கொழும்பு பத்து கிலோமீட்டர் அளவில்தான். "கடலப் பாத்துட்டுப் போவோம் வாங்கம்மா" என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

அம்மா மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 34 வருடம் கொழுந்து எடுத்தவர். வயது அறுபத்திரண்டு. நான் வத்தளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மீனைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம். தேயிலையைப் பற்றி அம்மாவுக்குத் தெரிந்தது நிறைய. அந்தக் கணக்கில் இதை வாசியுங்கள்.

ஹோட்டலின் பெயரை எழுதவில்லை. குறையாகச் சொல்ல வேண்டியதை மேலாளரிடம் நேரிலேயே சொன்னேன், அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், அது போதும். நீர்கொழும்புக் கடற்கரை வீதியில் அதே மாதிரியான இடங்கள் நிறைய இருக்கின்றன. எதற்குப் போனாலும் கீழே உள்ளது உதவும்.

சாப்பாட்டுக்கு முன் சந்தையைச் சொல்லவேண்டும். பழைய ஒல்லாந்தர் கோட்டையின் வாசல் இன்னும் நிற்கிறது, 1678 என்று ஆண்டு பொறித்தது. உள்ளே இப்போது சிறைச்சாலை. அதற்குக் கிட்டத்தான் லெல்லம என்று சொல்லப்படும் பெரிய மீன் சந்தை. நாங்கள் போனபோது ஏலம் முடிந்து வெட்டுகிறவர்கள் கத்தி கழுவிக்கொண்டிருந்தார்கள். அதையும் தாண்டிப் போனால் மணல்வெளி. தென்னந்தும்பு விரிப்புகளைக் கண்ணுக்கெட்டிய தூரம் விரித்து, பிளந்து உப்பிட்ட மீனை வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள். சாளை ஒரு பக்கம், நெத்தலி ஒரு பக்கம், கட்டா ஒரு பக்கம். காகம் விரட்ட ஒரு பாட்டி குச்சியோடு உட்கார்ந்திருந்தார்.

அம்மா அந்த இடத்தில் நின்றுவிட்டார். "இங்கனயிருந்துதான் வந்திச்சா?"

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கடல் மீன் என்றால் கருவாடுதான். தோட்டத்துக் கடையில் பற்று எழுதி வாங்கிய கட்டாக் கருவாடு. மழை பிடித்துக்கொண்ட ஜூன், ஜூலை மாதங்களில் இடுப்பில் கட்டும் படங்கு நனைந்து, கை விறைத்து வீட்டுக்கு வந்தால் உருளைக்கிழங்கும் கருவாடும் போட்ட குழம்பு. பச்சை மீன் சம்பள நாளில் பொகவந்தலாவை டவுனில் வாங்கினால் உண்டு. அதுவும் ஐஸ் பெட்டியில் மலை ஏறி வந்து கண் வெளுத்துப்போன மீன். வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்ட ஒன்றின் ஊரை அம்மா அன்றுதான் பார்த்தார். பாட்டியிடம் ஒரு கிலோ கட்டா வாங்கிக்கொண்டார். விலை பேசவில்லை. எந்தக் கடையிலும் பேசாமல் விடுகிறவர் இல்லை அவர்.

பன்னிரண்டரைக்கு ஹோட்டலுக்குள் போனோம். கடற்பக்கம் சுவர் இல்லாத பெரிய கூடம், பதினான்கு மேசை, கொட்டம்பா மர நிழல் பாதி மேசைகளுக்கு. வாசலில் அம்மா செருப்பைக் கழற்றக் குனிந்தார். பரிமாறுகிற பையன் ஓடிவந்து, "பரவால்ல அம்மா, செருப்போட வாங்க" என்றான். சிங்களப் பையன், தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. ஆனாலும் அந்த நேரத்தில் அதை அவன் தமிழில் சொன்னதற்காகவே நான் அந்த இடத்துக்கு இன்னொரு முறை போவேன். நாற்காலியை இழுத்துக் கொடுத்தான். கருவாட்டுப் பொதியை வாங்கி, முகம் சுளிக்காமல், எங்கேயோ பத்திரமாக வைத்தான். புறப்படும்போது இன்னொரு பை போட்டுக் கட்டியே திருப்பித் தந்தான்.

மெனு அட்டையைப் பார்த்துச் சொல்லாதீர்கள். அன்றைய மீனைத் தட்டில் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். இங்கே கேட்காமலே கொண்டுவந்தார்கள். பெரிய அலுமினியத் தட்டில் ஐஸ் போட்டு, மேலே அரை ஆள் நீளத்துக்குத் தோரா மீன் ஒன்று, பாரை இரண்டு, கணவாய், களப்பு இறால், கயிற்றால் கட்டிய நண்டுகள். தோராவைத்தான் என்னோடு படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து ஆசிரியைகள் அறக்குளா என்பார்கள், தமிழ்நாட்டில் வஞ்சிரம். மலையில் எங்களுக்குச் சந்தைப் பெயர் எல்லாம் சிங்களத்தில்தான்: தோரா, கெலவல்லா, ஹுருல்லா.

தட்டோடு சமையல்காரரும் வந்தார். ஐம்பது வயதிருக்கும், இந்த ஊர்க்காரர். நீர்கொழும்புக் கரையோரக் குடும்பங்களில் தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர் பேசிய தமிழ் எங்கள் காதுக்குப் புதிது. வினைச்சொற்கள் வேறு மாதிரி முடிந்தன, ஆனால் ஒரு சொல்லும் விளங்காமல் போகவில்லை. அம்மா முதலில் கேட்டது, "இதுல எது இன்னிக்கிப் புடிச்சதுங்கய்யா?" அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். தோரா விடியக்காலை வந்த படகில். பாரை நேற்று மாலை. இறால் இரவு களப்பில், கட்டு வலையில்.

கட்டு வலையைப் பற்றி அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. நீர்கொழும்புக் களப்பு ஒரு குறுகிய வாயால் கடலோடு சேர்கிறது. இறால் களப்பில் வளர்ந்து, கடலுக்குத் திரும்பும்போது அந்த வாய் வழியாகத்தான் போகவேண்டும். இரவில் நீர் வற்றும் நேரம், ஓட்டத்துக்குக் குறுக்கே கம்பு நட்டு வலை கட்டிக் காத்திருப்பார்கள். எல்லோருக்கும் நல்ல இடம் கிடைக்காது என்பதால் சங்கம் வைத்து, சீட்டுப் போட்டு, இந்த இரவு இந்த இடம் இவருக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். நான்கு சங்கங்கள், தலைமுறை தலைமுறையாக வரும் உரிமை. அம்மா உடனே, "நமக்கு நிரை பிரிச்சிக் குடுக்குற மாதிரி" என்றார். காலையில் கங்காணி ஆளுக்கு இவ்வளவு நிரை என்று தேயிலைச் செடி வரிசைகளைப் பிரித்து விடுவார், நல்ல நிரை கிடைத்தவருக்குப் பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம், விழும். சமையல்காரருக்கு அது விளங்க நான் கொஞ்சம் மொழிபெயர்த்தேன். "எங்களுக்குச் சீட்டு, உங்களுக்குக் கங்காணி" என்றார் அவர். அம்மா தலையை ஆட்டினார்.

நண்டுக்கு ஒரு எச்சரிக்கை. நிறை போட்டு விற்கிறார்கள். ஓடும் சேர்ந்துதான் நிறை. சமைக்கக் கொடுக்கும் முன்பே தராசில் வைத்து மொத்த விலையைக் கேட்டுவிடுங்கள். இன்னொரு இடத்தில், சில வருடங்களுக்கு முன், கேட்காமல் விட்டு பில்லைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. இங்கே அவர்களாகவே தராசைக் கொண்டுவந்தார்கள்: 600 கிராம், 5,400 ரூபாய். சமையல்காரர் இரண்டு நண்டைத் தூக்கி அடிவயிற்றை அழுத்திப் பார்த்து, ஒன்றை ஒதுக்கிவிட்டார். ஓடு மாற்றிக் கொஞ்ச நாளான நண்டாம், உள்ளே தண்ணீர்தான் இருக்கும் என்றார். விற்கிறவரே வேண்டாமென்று எடுத்து வைத்த நண்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சாப்பாடு நாற்பது நிமிடத்தில் வந்தது. கொஞ்சம் தாமதம்தான். ஆனால் நண்டு உயிரோடு உள்ளே போனதைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமாகவே படும்.

தோராத் துண்டு (2,900 ரூபாய்) கிரில் செய்தது. மஞ்சள், மிளகு, எலுமிச்சை, உப்பு. வேறு ஒன்றும் இல்லை. விரலால் தொட்டதும் பூப்பூவாகப் பிரிந்தது, உள்ளே ஈரம் இருந்தது. அம்மா முதல் வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நாத்தமே இல்லையே புள்ள." பாராட்டுத்தான். ஐஸில் பல மணி நேரம் வந்த மீனை மட்டும் தின்ற நாக்குக்கு, மீனுக்கு அந்த வாடை கட்டாயம் என்று பழகிவிடுகிறது. இரண்டாம் துண்டையும் அவர் பக்கம் தள்ளினேன்.

இறால் (3,200) தேங்காய்ப்பால் குழம்பு. இங்கே ஒரு கருத்து வேறுபாடு. எனக்கு அது இதமாக இருந்தது, அம்மாவுக்குக் காரம் போதவில்லை. உல்லாசப் பயணிகளுக்காகக் குறைத்து வைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். சொன்னவுடன் ஒரு சின்னக் கிண்ணத்தில் வறுத்த மிளகாயும் மாசிக் கருவாடும் இடித்துக் கொண்டுவந்தார்கள். அதை இரண்டு கரண்டி கலந்ததும் குழம்பு வேறு குழம்பாகிவிட்டது. இறால் ஓட்டோடு வெந்திருந்ததால் சாறு இனித்தது. தலையைக் கிள்ளி எறியாதீர்கள், குழம்பில் இருக்கிற ருசி முழுக்க அங்கேயிருந்துதான் வந்திருக்கிறது.

நண்டு மிளகுப் பிரட்டல். அம்மாவுக்கு நண்டு புதிதல்ல. தோட்டத்து ஓடையில் கல்லைப் புரட்டினால் கிடைக்கும் சின்ன நண்டை நசுக்கி, எனக்குச் சளி பிடித்தபோதெல்லாம் ரசம் வைத்துத் தந்திருக்கிறார். ஆனால் இந்தப் பருமனில் ஒரு கொடுக்கை அவர் பார்த்ததில்லை. இடுக்கி கொடுத்தார்கள். அதைத் தள்ளிவைத்துவிட்டு அம்மிக் குழவி மாதிரி ஏதாவது கேட்டார். பையன் சமையலறையிலிருந்து சின்ன உலக்கை ஒன்றைக் கொண்டுவந்தான். ஒரே தட்டு. ஓடு மூன்றாகப் பிளந்தது, சதை முழுசாக வெளியே வந்தது. பக்கத்து மேசையில் இடுக்கியோடு போராடிக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தம்பதி தங்கள் தட்டை நீட்டினார்கள். அம்மா அவர்களுக்கும் தட்டிக் கொடுத்தார். காலையிலிருந்து அம்மா சிரித்தது அப்போதுதான்.

சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல் எல்லாம் சேர்ந்து 1,200. சம்பல் நன்றாக இருந்தது. சோறு சற்றுக் குழைவு.

இனி தேத்தண்ணி.

மூன்றரைக்கு 'ஹை டீ' தொடங்கும் என்று பலகையில் எழுதியிருந்தது. இங்கிலாந்தில் ஹை டீ என்பது வேலை முடிந்து வரும் தொழிலாளிகள் மாலையில் இறைச்சி, ரொட்டியோடு உயரமான சாப்பாட்டு மேசையில் உண்ட உணவு. சீமாட்டிகள் சின்னச் சின்ன சாண்ட்விச்சோடு குடித்தது பிற்பகல் தேநீர். நம் ஹோட்டல்களில் இரண்டாவதை முதலாவதின் பெயரால் அழைக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "அப்போ பேரு நமக்குத்தானே பொருந்துது" என்றார்.

ஒரு ஆளுக்கு 4,200 ரூபாய். ஒன்றை எடுத்துப் பகிர்ந்துகொள்ளலாமா என்று கேட்டேன். தயங்காமல் சம்மதித்து இரண்டு கோப்பை வைத்தார்கள். கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. மூன்று அடுக்குத் தட்டு ஒன்று வந்தது. கீழ் அடுக்கில் மீன் கட்லட், இறால் வடை, முட்டை சாண்ட்விச். நடுவில் ஸ்கோன், ஜாம், கிரீம். மேலே லவ் கேக், பட்டர் கேக். கட்லட்டில் உருளைக்கிழங்கை விட மீன் அதிகம், மிளகு வாசனை தூக்கலாக இருந்தது. இறால் வடை காலி முகத்திடலில் வண்டியில் விற்கிற வடை மாதிரி மொறுமொறுவென்று இல்லை, ஆனால் இறால் அதே களப்பு இறால். லவ் கேக்கை இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டோம். ரவை, கஜு, சீனிப்பாகில் காய்ச்சிய பூசணி தோசி, ரோஜாப் பன்னீர், எல்லாம் அளவாக இருந்தது. மேலே நன்றாகச் சிவந்து உள்ளே பிசுபிசுப்பாக இருந்தது. ஸ்கோன் காலையில் சுட்டதாக இருக்கவேண்டும், காய்ந்திருந்தது.

தேத்தண்ணிக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. திறந்தால் கடதாசி உறையில் பைகள். இங்கிலிஷ் பிரேக்ஃபாஸ்ட், ஏர்ல் கிரே, கெமொமைல், பச்சைத் தேயிலை. பீங்கான் பாத்திரத்தில் சுடுதண்ணீர். அட்டையில் 'சிலோன் டீ' என்று மட்டும் அச்சிட்டிருந்தது.

அம்மா ஒரு பையை எடுத்து முகர்ந்தார். பிரித்துப் பார்க்கலாமா என்று கண்ணால் கேட்டார். நான் கிழித்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் கொட்டி விரலால் தேய்த்தார். "தூசி. பழசு." பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தின் வயிற்றைத் தொட்டார். கையை எடுக்கவே இல்லை. கொதித்த தண்ணீர் என்றால் அப்படி வைத்திருக்க முடியாது.

இந்த இடத்தில்தான் எனக்கு மனது கனத்தது, அதை அப்படியே எழுதுகிறேன். மதியம் இதே மேசையில் ஒரு மனிதர் வந்து, இந்த இறால் எந்த நீரில், எந்த நேரத்தில், எந்த வலையில் பிடிபட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மணி நேரம் கழித்து, இந்த நாட்டின் பெயரை உலகத்துக்குச் சொன்ன பொருள் ஊர் பேர் இல்லாமல் ஒரு கடதாசி உறைக்குள் வருகிறது. 1867ல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் வைத்ததிலிருந்து இந்தத் தேயிலையை எடுத்தவர்கள் யார் என்று கேட்க வரவில்லை. எந்த மலையில் எடுத்தது என்றாவது அட்டையில் இருக்கவேண்டாமா? நுவரெலியா, திம்புள, ஊவா, உடப்புசல்லாவ, கண்டி, சபரகமுவ, ருகுண என்று தேயிலைச் சபையே ஏழு பிரதேசமாகப் பிரித்து வைத்திருக்கிறது. பொகவந்தலாவை திம்புளவுக்குள் வருகிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை அந்தப் பக்கம் மழை விட்டு, வறண்ட குளிர்காற்று வீசும்போது எடுக்கிற கொழுந்துக்குத்தான் வருடத்திலேயே நல்ல வாசனை. நாங்கள் உட்கார்ந்திருந்தது பெப்ரவரியில். எங்கள் அண்ணி அந்த நேரத்தில் மலையில் நின்றிருப்பார்.

பையனைக் கூப்பிட்டேன். சொல்லத் தயக்கமாக இருந்தது, நாங்கள் வந்ததிலிருந்து அவ்வளவு அன்பாக நடந்துகொண்டவன். அம்மாவே சொன்னார்: "தம்பி, தூளு இருக்காப்பா? நீங்க குடிக்கிறதுக்கு உள்ள வச்சிருப்பீங்கல்ல, அது."

அவன் முகம் மாறியது. உள்ளே போய் அரைவாசி தீர்ந்த 400 கிராம் பாக்கெட் ஒன்றைக் கிளிப் போட்டபடி கொண்டுவந்தான். பணியாளர்களுக்கு வாங்கியது, விருந்தினருக்குக் கொடுக்கலாமா என்று தெரியவில்லை என்றான். அம்மா வாயைப் பிரித்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். பாக்கெட்டில் பி.ஓ.பி.எஃப். என்று தூளின் ரகம் போட்டிருந்தது. அதை அவர் வாசிக்கவில்லை. "மேல்நாட்டுத் தூளும் கீழ்நாட்டுத் தூளும் கலந்தது. கீழ்நாடு கறுப்புக்கு, மேல்நாடு வாசனைக்கு. நல்லாத்தான் இருக்கு." பிறகு பையனிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். தண்ணியைப் புதுசாகப் பிடிக்கவேண்டும், ஒருதரம் கொதித்ததைத் திரும்பச் சுடவைக்கக் கூடாது. பாத்திரத்தைச் சுடுதண்ணீரால் முதலில் கழுவவேண்டும். ஆளுக்கு ஒரு கரண்டித் தூள். கொதி நிற்பதற்குள் ஊற்றிவிட வேண்டும். மூடி வைக்கவேண்டும்.

தண்ணீரும் தூளும் மேசைக்கே வந்தன. அம்மாவே ஊற்றினார். நான் படிப்பிக்கிற பாடத்தில் ஒன்று நினைவுக்கு வந்தது. கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். எங்கள் ஊர் உயரத்தில் 96 பாகையைத் தாண்டாது. பிறந்ததிலிருந்து நாங்கள் குடித்த தேத்தண்ணி எல்லாம் அந்தக் குறைந்த கொதியில் போட்டது. அம்மாவிடம் சொன்னேன். "அதான் இம்புட்டு சீக்கிரம் சாயம் எறங்குதா" என்று மூடியைத் திறந்து பார்த்தார். கடிகாரம் பார்க்கவில்லை. ஆவியின் வாசனை பச்சையிலிருந்து மாறியதும் வடித்தார். கிட்டத்தட்ட மூன்று நிமிடம்.

நல்ல சிவப்பு. பால் இல்லை, ஓரத்தில் கொஞ்சம் சீனி, எங்கள் வீட்டு வழக்கப்படி உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடிக்க. பையனுக்கும் ஒரு கோப்பை கொடுத்தார். அவன் நின்றபடி குடித்தான், மேலாளர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே. மேலாளர் வந்தார். அப்போதுதான் நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன்: பைப் பெட்டி இருக்கட்டும், கேட்கிறவர்கள் இருப்பார்கள். அதோடு திம்புள ஒன்று, ஊவா ஒன்று, ருகுண ஒன்று என்று மூன்று டப்பாவில் தூள் வையுங்கள், அட்டையில் ஊர் போடுங்கள், மீனுக்குச் செய்கிற மாதிரி கொண்டுவந்து முகரக் கொடுங்கள். வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் உல்லாசப் பயணிகளுக்கு விற்கும் டப்பாக்களில் திம்புள இருக்கவே செய்கிறது. அது ஏன் மேசைக்கு வருவதில்லை? அவர் மறுத்துப் பேசவில்லை. அம்மாவிடம் எத்தனை வருடம் வேலை செய்தீர்கள் என்று கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று கேட்டார். 18 என்றதும், அதில் தூள் எவ்வளவு வரும் என்றார். நாலு கிலோவுக்குள். பச்சைக் கொழுந்து நாலரை, ஐந்து கிலோ இருந்தால்தான் ஒரு கிலோ தூள். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

இரண்டாம் கோப்பை ஊற்றும்போது தொலைபேசி அடித்தது. தம்பி. தோஹாவில் இறங்கிவிட்டான். அம்மா ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"சாப்டீங்களாம்மா?"

"நண்டு தின்னோம்டா. இம்மாம் பெரிய கொடுக்கு. தோரா மீனு தின்னோம். இப்போ தேத்தண்ணி குடிக்கிறோம். நீ என்னா சாப்ட்ட?"

விமானத்தில் கொடுத்ததைச் சாப்பிட்டானாம். தேத்தண்ணி கொடுத்தார்களாம், நல்லா இல்லையாம். "பைய போட்டுக் குடுத்திருப்பாங்க" என்றார் அம்மா. பெட்டியில் இரண்டாவது சேலைத் துண்டுக்குக் கீழே ஒரு கிலோ தூள் வைத்திருப்பதாகவும், அங்கே தண்ணீர் நன்றாகக் கொதிக்கும், குறைவாகப் போடு என்றும் சொன்னார்.

பில் விவரம். மதியச் சாப்பாடு 12,700. ஹை டீ 4,200. இரண்டாவது பாத்திரத் தேத்தண்ணிக்கு 900 போட்டிருந்தார்கள். சேவைக் கட்டணம் 10 வீதம், வற் வரி 18 வீதம் சேர்ந்து 23,100 ரூபாய்ச் சொச்சம். மேலாளர் அந்த 900 ரூபாயைக் கழிக்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன், அந்தத் தேத்தண்ணிதான் காசு கொடுக்கத் தகுந்தது. விலை அதிகம்தான். அப்போது மலையில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் எங்கள் அண்ணியின் பதினேழு நாள் பேர் அது. அம்மாவிடம் பில்லைக் காட்டவில்லை. வருடத்தில் ஒரு நாள், சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருக்கிற நாளில், நான் திரும்பவும் கொடுப்பேன். செலவைக் குறைக்க நினைத்தால் நண்டை விட்டுவிட்டு தோராவும் இறாலும் எடுங்கள், மதியச் சாப்பாடு ஏறக்குறையப் பாதி விலையில் முடியும். ஹை டீயில் ஒன்றை இரண்டு பேர் பகிருங்கள். மே மாதத்துக்குப் பிறகு தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், படகுகள் குறையும், மீன் விலை ஏறும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை போவது நல்லது. கொழும்பிலிருந்து 240ஆம் இலக்க பஸ் இருக்கிறது. நீர்கொழும்பில் இறங்கி ஆட்டோ.

புறப்படும்போது பையன் கருவாட்டுப் பொதியோடு ஓடர் எழுதும் சின்னப் புத்தகத்தையும் கொண்டுவந்தான். அம்மா சொன்னதைச் சிங்களத்தில் எழுதி வைத்திருந்தான், சரிதானா என்று எனக்கு வாசித்துக் காட்டினான். புதுத் தண்ணி, சுட்ட பாத்திரம், ஆளுக்கு ஒரு கரண்டி, மூடி. எல்லாம் சரியாக இருந்தது. எத்தனை நிமிடம் என்று மட்டும் இடம் விட்டிருந்தான்.

"வாசன மாறுறப்போ தம்பி" என்றார் அம்மா. அவன் அதையும் எழுதிக்கொண்டான்.